பார்க்கின்சன் உள்ள அப்பாவுக்கு இப்போது டிமென்ஷியாவும் என்கிறார்கள். இரண்டும் ஒரே நோயா?

பூங்குழலி:

வணக்கம். அப்பாவுக்கு 76 வயது. பார்க்கின்சன் என்று கண்டுபிடித்து ஏழெட்டு வருடம் இருக்கும். வலது கை நடுக்கம், நடைத் தளர்ச்சி, எழுத்து சிறுத்துப்போவது எல்லாம் மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருந்தது. போன வருடக் கடைசியிலிருந்து தொல்லை வேறு மாதிரி. பொழுது சாய்ந்தால் அலமாரி ஓரத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். பயப்படுவதில்லை. "மெதுவாப் பேசும்மா, அதுக தூங்குது" என்று என்னைத்தான் அடக்குகிறார். சட்டை போடும்போது கையை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மறுநாள் காலையில் அதே மனிதர் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார், வட்டியை மனசிலேயே போடுகிறார்.

நரம்பியல் மருத்துவர் "பார்க்கின்சனோடு வரும் டிமென்ஷியா" என்று சொல்லி ரிவாஸ்டிக்மின் தொடங்கலாம் என்கிறார். வீட்டில் யாரும் ஒப்பவில்லை. "பழைய கதையெல்லாம் தேதியோட சொல்றார், மறதியே இல்லை, அப்புறம் என்ன டிமென்ஷியா?" என்பது சித்தப்பாவின் வாதம். பார்க்கின்சனுக்காக இத்தனை வருடம் சாப்பிட்ட லெவோடோபா மாத்திரைதான் மூளையைக் கெடுத்துவிட்டது, அதை நிறுத்தினால் தெளிந்துவிடுவார் என்கிறான் அண்ணன்.

இது அல்சைமரா, வேறா? பார்க்கின்சன் வந்தவர்களுக்கெல்லாம் இது வந்தே தீருமா? லெவோடோபாவுக்கு இதில் பங்கு உண்டா? ஆராய்ச்சிப் பக்கம் பழக்கமுள்ளவர்களும், வீட்டில் இதைப் பார்த்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

செல்வம்:

என் அம்மாவுக்கும் இதே கதைதான், அவங்களுக்குப் பூனைகள். ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் ரொம்பக் குழம்பிப்போய் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனால், அங்கே உள்ளவர்களுக்கு இவர் பார்க்கின்சன் நோயாளி என்பது தெரியாது. அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் ஊசி போட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு அது போட்டு, உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்து, விழுங்கக்கூட முடியாமல் கிடந்தாங்க. பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கானது. "ஹாலோபெரிடால் கூடாது" என்று ஒரு அட்டையில் எழுதி அப்பாவின் பர்ஸிலேயே போட்டு வையுங்கள்.

பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் மறுத்துச் சண்டை போடாதீர்கள். ஆமாம் என்று நடிக்கவும் வேண்டாம். "எனக்குத் தெரியலைப்பா, நான் இங்கதான் இருக்கேன்" என்றால் போதும். சாயங்காலம் அந்த அறையில் நல்ல வெளிச்சம் போடுங்கள், கண்புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பார்வை மங்கினால் இது கூடும்.

---

தாமரை:

பூங்குழலி, நான் டாக்டர் இல்லை. மூளை வங்கி ஒன்றில் திசுவை வெட்டிச் சாயமேற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நோயாளிகள் யாரையும் நான் பார்த்ததில்லை, அவர்கள் தானமாகத் தந்த மூளைகளைத்தான் பார்த்தேன். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நடுமூளையைக் குறுக்கே வெட்டினால் இரண்டு பக்கமும் கறுப்பு மையில் கோடு இழுத்த மாதிரி ஒரு பட்டை தெரியும். சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பது அதுதான், உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் உள்ள இடம். பார்க்கின்சன் உள்ளவர் மூளையில் அந்தக் கோடு வெளுத்திருக்கும். நுண்ணோக்கியே வேண்டாம், தட்டில் வைத்ததும் சொல்லிவிடலாம். அப்புறம் மெல்லிய சீவலாக வெட்டி, ஆல்ஃபா-சைநியூக்ளின் என்ற புரதத்தை மட்டும் பிடிக்கிற எதிர்ப்பொருளை ஊற்றிச் சாயமேற்றினால், மிஞ்சியிருக்கும் செல்களுக்குள் பழுப்பு நிறத்தில் உருண்டைகள் எழும்பி வரும். ரிப்போர்ட்டில் "லூயி பாடி" என்று எழுதுவது இவற்றைத்தான். ஃபிரெட்ரிக் லூயி 1912இல் முதலில் விவரித்தது. அவை எந்தப் புரதத்தால் ஆனவை என்பது 1997 வரை தெரியாது. அந்த ஒரே வருடத்தில்தான், பரம்பரையாகப் பார்க்கின்சன் வரும் குடும்பங்களில் ஆல்ஃபா-சைநியூக்ளின் மரபணுவில் கோளாறு இருப்பதையும், லூயி உருண்டைகளே அந்தப் புரதக் குவியல்தான் என்பதையும் வெவ்வேறு குழுக்கள் வெளியிட்டன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நடுக்கமும் விறைப்பும் மட்டும் இருந்து போனவர் மூளையில் உருண்டைகள் பெரும்பாலும் மூளைத்தண்டுப் பக்கம் இருக்கும். டிமென்ஷியாவும் இருந்தவர் மூளையில் அவை மேலே ஏறி, நினைப்பு, பார்வை, கவனம் எல்லாம் நடக்கிற புறணியிலும் பரவியிருக்கும். புறணியில் உள்ளவை வெளிறி, விளிம்பு தெளியாமல் இருக்கும், சாதாரணச் சாயத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். அந்தக் காலத்து ஆட்கள் இவற்றைப் பார்க்காமலே விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அறிவுக்கும் புலன்களுக்கும் கேடில்லை என்றே எழுதினார். அந்த நம்பிக்கை நெடுங்காலம் நீடித்தது. ஜப்பானில் கோசாகா கென்ஜி 1976இல் புறணி முழுக்க லூயி உருண்டைகள் இருந்த ஒரு டிமென்ஷியா நோயாளியைப் பற்றி எழுதிய பிறகுதான் மற்றவர்களும் தேடத் தொடங்கினார்கள்.

ஆக, அப்பாவுக்குப் புதிதாக இன்னொரு நோய் வந்து ஒட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அநேகமாக இருந்த நோய்தான் இடம் பரவியிருக்கிறது. "லூயி பாடி டிமென்ஷியா" என்று இன்னொரு பெயரும் உங்கள் காதில் விழும். இரண்டையும் பிரிப்பது காலண்டர்தான். நடுக்கமும் விறைப்பும் முதலில் வந்து, ஒரு வருடத்துக்கு மேல் கழித்து டிமென்ஷியா வந்தால் "பார்க்கின்சன் நோய் டிமென்ஷியா". டிமென்ஷியா முதலில் வந்தாலோ, இரண்டும் ஒரு வருடத்துக்குள் வந்தாலோ "லூயி பாடி டிமென்ஷியா". ஆராய்ச்சிக்கு வசதியாக வகுத்த விதி அது. என் மேஜையில் சீவலாக வந்தபோது பல சமயம் எது எது என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை.

அல்சைமரா என்றால், முழுக்க இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பார்க்கின்சன் டிமென்ஷியா இருந்தவர்களின் மூளையில் கணிசமானவற்றில் லூயி உருண்டைகளோடு அல்சைமருக்கு அடையாளமான அமிலாய்டு புரதப் படிவும் டாவ் புரத முடிச்சும் சேர்ந்தே இருக்கும். இரண்டும் கலந்தவர்களுக்குச் சரிவு வேகமாக இருப்பதாகத்தான் பிரேதப் பரிசோதனை ஆய்வுகள் காட்டுகின்றன. சாயமேற்றும்போது ஒரே மூளைக்கு எல்லா எதிர்ப்பொருளும் போட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சித்தப்பா கேட்டது நல்ல கேள்வி. அல்சைமரில் புது நினைவு பதிவதே கெடும், அதனால் சற்றுமுன் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பார்க்கின்சனில் முதலில் அடி வாங்குவது கவனம், திட்டமிடல், எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் கணிக்கிற திறன். நினைவு பெரும்பாலும் உள்ளே இருக்கும், எடுத்துக்கொடுத்தால் வந்துவிடும். சட்டைக் கையைத் தேடுவது மறதியால் இல்லை, துணியின் வடிவம் அவருக்குப் பிடிபடவில்லை. கடிகாரம் வரையச் சொல்லிப் பாருங்கள், எண்களை ஒரே பக்கத்தில் நெருக்கிவிடலாம். காலையில் ஒரு ஆள், சாயங்காலம் ஒரு ஆள் என்று மாறுவதும் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. அவர் நடிக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரிவாஸ்டிக்மின் ஏன் என்றால், இந்த நோயில் டோபமைன் மட்டும் குறைவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் மெய்னர்ட் கரு என்று ஒரு திரள் உண்டு, கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற பொருள் புறணிக்குப் போவது அங்கிருந்துதான். அந்தச் செல்களும் அழிகின்றன. மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலின் சிதையாமல் பார்த்துக்கொள்வதுதான் ரிவாஸ்டிக்மினின் வேலை. 2004இல் வெளிவந்த 541 பேர் ஆய்வில், 24 வாரத்தில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ரிவாஸ்டிக்மின் சாப்பிட்டவர்கள் கொஞ்சம் நன்றாக இருந்தார்கள். கொஞ்சம்தான், அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நடுக்கம் கூடியது, குமட்டலும் நிறையப் பேருக்கு இருந்தது. தோலில் ஒட்டும் பட்டையாகப் போட்டால் குமட்டல் குறையும், மருத்துவரிடம் கேளுங்கள்.

லெவோடோபா விஷயத்தில் அண்ணன் சொல்வதில் பாதி சரி. அந்த மருந்து மூளைச் செல்களைக் கொன்று டிமென்ஷியா கொண்டுவருகிறது என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் பார்க்கின்சன் மருந்துகள் எல்லாமே இல்லாததைக் காட்டும் தொல்லையைக் கூட்டக்கூடியவை. அதற்காகச் சட்டென்று நிறுத்தினால் விறைப்பும் கடும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதை மட்டும் வீட்டில் யாரையும் செய்ய விடாதீர்கள்.

---

கணேஷ்:

தாமரை அம்மா விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் "வந்தே தீருமா" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எங்கேயோ 83 சதவீதம் என்று படித்தேன். எனக்கே போன வருடம் பார்க்கின்சன் என்று சொன்னார்கள், வயது 58. படித்த நாளிலிருந்து தூக்கமில்லை.

---

தாமரை:

கணேஷ், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் தூங்கலாம். சிட்னியில் நடந்த ஆய்வு அது. புதிதாகப் பார்க்கின்சன் கண்ட 136 பேரை இருபது வருடம் பின்தொடர்ந்தார்கள், 2008இல் வெளியிட்டார்கள். இருபது வருடத்தில் 100 பேர் இறந்துவிட்டார்கள். மிஞ்சியிருந்தவர்களில்தான் 83 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. அவர்களும் அதற்குள் நல்ல முதியவர்கள். ஒரு சிறிய குழுவின் கடைசிக் கட்டத்தை எல்லோர் தலையிலும் எழுதிவிட்டார்கள்.

2024இல் அமெரிக்காவிலிருந்து இரண்டு பெரிய தொகுப்புகளை வைத்து மறுபடி கணக்கிட்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக நோயாளிகளில் பத்து வருடத்தில் 27 சதவீதம், பதினைந்து வருடத்தில் பாதிப்பேர். பிபிஎம்ஐ என்ற பன்னாட்டு ஆய்வில் பத்து வருடத்தில் ஏறத்தாழ 9 சதவீதம்தான். அதில் சேர்ந்தவர்கள் படித்தவர்கள், மற்றபடி உடம்பு நன்றாக இருந்தவர்கள், அதனால் எண் குறைவாகத் தெரிகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நோய் தொடங்கிய வயது கூடக்கூட இந்த அபாயமும் கூடும். 58இல் கண்டுபிடித்தவருக்கும் 75இல் கண்டுபிடித்தவருக்கும் ஒரே கணக்கு இல்லை.

---

பூங்குழலி:

எல்லோருக்கும் நன்றி. தாமரை அம்மா எழுதியதை அண்ணனுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அப்பாவின் மருந்துச் சீட்டை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன்: லெவோடோபா-கார்பிடோபா, நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில், சிறுநீர் அடக்க முடியாமல் போவதற்கு வேறொரு மருத்துவர் கொடுத்த ஆக்ஸிபியூட்டினின், எப்போதாவது குமட்டினால் மெட்டோகுளோபிரமைட். இதில் ஏதாவது பிரச்சினையா?

இன்னொன்று. அம்மா சொல்லித்தான் தெரியும், நடுக்கம் வருவதற்கு ரொம்ப வருடம் முன்னாலேயே அப்பா தூக்கத்தில் கத்துவார், உதைப்பார், ஒருமுறை கட்டிலிலிருந்தே விழுந்திருக்கிறார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

---

மருந்தாளுநர் ரவி:

சகோதரி, நான்கில் மூன்று பிரச்சினைதான்.

ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. ஆக்ஸிபியூட்டினினும் அதே வகை. இவற்றோடு ரிவாஸ்டிக்மினையும் சேர்த்தால் ஒரு காலில் ஆக்சிலரேட்டர், இன்னொரு காலில் பிரேக் என்று வண்டி ஓட்டுகிற கதை. புது மருந்து தொடங்கும் முன் இந்த இரண்டும் தேவையா என்று நரம்பியல் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். சிறுநீர் மருந்து வேறொருவர் எழுதியது என்பதால் அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். மூளைக்குள் அவ்வளவாகப் போகாத மாற்று மருந்துகள் உண்டு. மெட்டோகுளோபிரமைட் டோபமைனைத் தடுக்கும், பார்க்கின்சன் உள்ளவருக்குக் கொடுக்கக் கூடாது. பொதுவாக டோம்பெரிடோன் தருவார்கள், ஆனால் இதயத் துடிப்பை ஈசிஜியில் பார்த்துக்கொண்டு.

குழப்பம், மாயத்தோற்றம் என்று வந்தால் மருந்துகளைக் குறைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் போக வேண்டியது ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வகை, பிறகு அமான்டடின், டோபமைன் போல வேலை செய்யும் மற்ற மாத்திரைகள். லெவோடோபாவில் கை வைப்பது கடைசியில்தான். உங்கள் அண்ணன் அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். எதையும் நீங்களாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், ட்ரைஹெக்ஸிஃபெனிடிலையும் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

திடீரென்று ஒரே நாளில் குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், போதுமான தண்ணீர் குடிக்காதது, இந்த மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்தால் தெளிந்துவிடும்.

செல்வம் சொன்ன ஹாலோபெரிடால் எச்சரிக்கை மிகச் சரி. லூயி பாடி நோயாளிகளில் இந்த வகை மருந்து கொடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கடுமையான பாதிப்பு வந்ததாக இங்கிலாந்திலிருந்து மெக்கீத் குழு 1992லேயே எழுதிவிட்டது. மாயத்தோற்றத்துக்கு மருந்து கட்டாயம் என்றால் க்வெட்டியாபின் அல்லது க்ளோசாபின் குறைந்த அளவில் தருவார்கள். அமெரிக்காவில் 2016இல் இதற்கென்றே பிமாவன்செரின் அனுமதிக்கப்பட்டது. அப்பா பிள்ளைகளைப் பார்த்துப் பயப்படவில்லை, பின்னால் ஓடவில்லை என்றால் மருந்தே தேவைப்படாமலும் போகலாம்.

---

தாமரை:

தூக்கத்தில் உதைத்தது பற்றிக் கேட்டீர்கள். நேரடியான சம்பந்தம் உண்டு. கனவு காணும் கட்டத்தில் நமக்கெல்லாம் உடம்பு செயலற்றுக் கிடக்கும், அதனால்தான் கனவில் ஓடினாலும் கால் ஓடுவதில்லை. அந்தப் பூட்டு மூளைத்தண்டில் இருக்கிறது. புரதம் ஆரம்பத்திலேயே படியும் இடங்களில் அதுவும் ஒன்று, பூட்டு கழன்றால் கனவில் அடிப்பவர் கட்டிலிலும் அடிப்பார். 2019இல் பல நாடுகளின் 24 மையங்கள் சேர்ந்து இந்தத் தூக்கக் கோளாறு உள்ள 1,280 பேரைப் பின்தொடர்ந்து வெளியிட்டன. வருடத்துக்கு ஏறத்தாழ 6 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சனோ டிமென்ஷியாவோ வந்தது, பன்னிரண்டு வருடத்தில் 73 சதவீதத்துக்கும் மேல். சிலருக்கு நடுக்கம் முதலில், சிலருக்கு டிமென்ஷியா முதலில். இரண்டுக்கும் வேர் ஒன்று என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி உயிரோடு இருப்பவர்களிடம் கிடைக்காது.

---

பூங்குழலி:

ரவி அண்ணா, மருந்துச் சீட்டை நரம்பியல் மருத்துவருக்கு அனுப்பிவிட்டேன், ஆக்ஸிபியூட்டினின் பற்றி அவருக்குத் தெரியவே இல்லை. ட்ரைஹெக்ஸிஃபெனிடிலைக் குறைத்துக்கொண்டே வந்து, அதன் பிறகு ரிவாஸ்டிக்மின் பட்டை போடலாம் என்கிறார்.

இப்போது அண்ணன் வேறு பக்கம் திரும்பிவிட்டான். அம்ப்ராக்ஸால் என்ற இருமல் மருந்து இதைக் குணப்படுத்துகிறதாம், வாங்கி வரட்டுமா என்கிறான். எங்கள் இருவருக்கும் ஏதாவது பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்றும் கேட்கிறான்.

---

தாமரை:

அண்ணன் எதையோ படிக்கிறார், நல்லதுதான். அம்ப்ராக்ஸால் கதை பொய் இல்லை. ஜிபிஏ1 என்ற மரபணு செல்லுக்குள் குப்பையைச் சிதைக்கும் நொதியைச் செய்கிறது. அதில் மாற்றம் உள்ளவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பும், வந்தால் டிமென்ஷியா ஆகும் வாய்ப்பும் கூடுதல். அம்ப்ராக்ஸால் அந்த நொதியைத் தூக்கிவிடுகிறது. அதனால் கனடாவில் பார்க்கின்சன் டிமென்ஷியா உள்ள 55 பேருக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், 2025இல் முடிவு வந்தது. பாதுகாப்பாக இருந்தது, ஆனால் மொத்தத்தில் அறிவுத்திறனில் வெறும் மாத்திரையைவிட முன்னேற்றம் தெரியவில்லை. மரபணு மாற்றம் உள்ள ஒரு சிலரிடம் ஏதோ தெரிந்தது, அந்தச் சிலரை வைத்து முடிவு கட்ட முடியாது. கொடுத்த அளவும் நாளொன்றுக்கு 1,050 மில்லிகிராம் வரை. இருமல் மருந்துப் பாட்டிலில் அந்த அளவை எட்ட நினைத்தால் மருந்தைவிடச் சர்க்கரைதான் அதிகம் உள்ளே போகும். வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு வருகிறேன். பெரும்பாலான பார்க்கின்சன் பிள்ளைகளுக்கு நேராக இறங்கும் நோய் இல்லை. தண்டுவட நீரில் ஒரு சொட்டு எடுத்து, அதில் கோணலாக மடிந்த ஆல்ஃபா-சைநியூக்ளின் இருக்கிறதா என்று பெருக்கிப் பார்க்கும் சோதனை இப்போது உண்டு. 2023இல் 1,123 பேரை வைத்து வெளியானது, பார்க்கின்சன் உள்ளவர்களில் ஏறத்தாழ 88 சதவீதம் பேரிடம் பிடித்தது. நாங்கள் ஆள் இறந்த பிறகு சாயமேற்றிப் பார்த்ததை இவர்கள் உயிரோடு இருக்கும்போதே பார்க்கிறார்கள், எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால் கொடுப்பதற்குத் தடுப்பு மருந்து எதுவும் இன்னும் இல்லை. எந்தத் தொல்லையும் இல்லாதவர் முதுகில் ஊசி குத்தி அதைத் தெரிந்துகொள்வதில் நான் பயன் காணவில்லை. தூக்கத்தில் கை கால் வீசும் பழக்கம் இருந்தால் மட்டும் தூக்க மருத்துவரைப் பார்க்கலாம். அதையும் அண்ணனிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. அண்ணியிடம் கேளுங்கள்.